லியோ சிலார்டு

லியோ சிலார்டு (பெப்ரவரி 11, 1898 – மே 30, 1964) ஹங்கேரியில் பிறந்து, பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இயற்பியலாளர் ஆவார். அணுக்கருத் தொடர்வினை மூலம் அணுவின் ஆற்றலை வெளிக்கொணர முடியும் என்பதை 1933 ஆம் ஆண்டிலேயே முதன்முதலில் உணர்ந்தவர் இவர். அமெரிக்கா அணுகுண்டு ஆய்வில் இறங்குவதற்குத் தூண்டுதலாக அமைந்த 1939 ஆம் ஆண்டின் ஐன்ஸ்டைன் கடிதம் இவரது முயற்சியால் உருவானது. உலகின் முதல் அணு உலையின் வடிவமைப்பிலும் என்ரிக்கோ ஃபெர்மியுடன் இணைந்து முக்கியப் பங்காற்றினார். அதே சிலார்டு 1945 ஆம் ஆண்டில், அணுகுண்டை ஜப்பானிய நகரங்கள் மீது வீசக் கூடாது என்று கோரும் விண்ணப்பத்தை எழுதி, 70 அறிவியலாளர்களின் கையெழுத்துடன் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அம்முயற்சி தோல்வியடைந்த பின், தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டுக்காகவும் உலக அமைதிக்காகவும் உழைத்தார்.

இளமைக் காலம்

சிலார்டு அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நகரங்களுள் ஒன்றான புடாபெஸ்டில் ஒரு நடுத்தர யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் லியோ ஸ்பிட்ஸ். தந்தை லாயோஷ் ஒரு கட்டடப் பொறியாளர். தாய் தெக்லா விதோர். 1900 இல் குடும்பத்தினர் தம் பெயரை ஹங்கேரிய மொழியில் திடமான என்று பொருள்படும் சிலார்டு என மாற்றிக்கொண்டனர். சிறு வயதில் படித்த, இம்ரே மதாச் எழுதிய மனிதனின் துயரம் என்னும் நாடகம் தம் மனதில் ஆழப் பதிந்ததாக இவர் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். அழிவை எதிர்நோக்கும் மனித குலத்துக்கும் ஏதோ ஒரு சிறிய நம்பிக்கை எஞ்சியிருக்கும் என்பது அந்நாடகத்திலிருந்து இவர் பெற்ற கருத்தாகும்.

1916 இல் தேசிய அளவிலான கணிதப் பரிசு ஒன்றைப் பெற்ற சிலார்டு, அதே ஆண்டில் புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். 1917 இல் படையில் சேர்க்கப்பட்டார். 1918 இல் இன்ஃப்ளுயென்சா காய்ச்சல் காரணமாக மருத்துவமனையில் இருந்ததால் போர்முனைக்குச் செல்லவில்லை. இவரது படைப்பிரிவினர் பெரும்பாலோர் அப்போது நடந்த சண்டையில் மாண்டனர். போருக்குப் பின் ஹங்கேரியில் யூத எதிர்ப்பு வலுத்தது. சிலார்டும் தம்பி பேலாவும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய விடாமல் மாணவர்களால் தாக்கப்பட்டனர். இதனையடுத்து 1919 டிசம்பரில் சிலார்டு பெர்லினுக்குப் புறப்பட்டார்.

பெர்லின் வாழ்க்கை

பெர்லினில் பொறியியலைக் கைவிட்டு இயற்பியலுக்கு மாறினார். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், மாக்ஸ் பிளாங்க், வால்தர் நெர்ன்ஸ்ட், மாக்ஸ் ஃபொன் லௌவே ஆகியோர் அங்கு அப்போது பணியாற்றி வந்தனர். வெப்ப இயக்கவியல் குறித்த ஆய்வுக்காக 1922 இல் ஃபொன் லௌவேயின் கீழ் முனைவர் பட்டம் பெற்றார். 1929 இல் வெளியான இவரது கட்டுரை, மாக்ஸ்வெல்லின் பூதம் எனப்படும் புதிரை ஆராய்ந்து, ஒரு பொருளைப் பற்றிய தகவலைப் பெறுவதற்கும் என்ட்ரோப்பிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. தகவல் கோட்பாட்டின் முன்னோடிகளுள் ஒன்றாக இக்கட்டுரை இன்று கருதப்படுகிறது.

நேர்கோட்டுத் துகள் முடுக்கி, சைக்ளோட்ரான் ஆகியவற்றின் அடிப்படைகளுக்கும் 1928, 1929 ஆம் ஆண்டுகளில் காப்புரிமை விண்ணப்பங்களை அளித்தார். எனினும் அவற்றை உருவாக்கிக் காட்டும் பணியில் ஈடுபடவில்லை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் பெர்லினில் ஒரு குடும்பமே இறந்த செய்தியைத் தொடர்ந்து, ஐன்ஸ்டைனும் சிலார்டும் சேர்ந்து நகரும் பாகங்கள் இல்லாத குளிர்பதனப் பெட்டிகளை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றனர். அவை விற்பனைக்கு வரவில்லை. ஆனால் இப்பணியின் மூலம் ஏற்பட்ட நெருக்கம் 1939 இல் பெரிதும் பயன்பட்டது.

1933 சனவரியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். நிலைமை மோசமாகும் என்று கணித்த சிலார்டு, தம் உடைமைகளை இரண்டு பெட்டிகளில் அடைத்துத் தயாராக வைத்திருந்தார். மார்ச் மாத இறுதியில் வியன்னா செல்லும் தொடர்வண்டியில் ஏறினார். அன்று வண்டி ஏறக்குறையக் காலியாக இருந்தது. மறுநாள் அதே வண்டி நிரம்பி வழிந்ததுடன், எல்லையில் நிறுத்தப்பட்டுப் பயணிகள் விசாரணைக்கு உள்ளாயினர். பிறகு இலண்டன் சென்ற சிலார்டு, செருமனியில் பதவி இழந்த அறிஞர்களுக்கு வேறு நாடுகளில் பணி தேடித்தரும் கல்விசார் உதவிக் குழு உருவாவதற்கு வில்லியம் பெவரிட்ஜுக்குத் துணை நின்றார்.

தொடர்வினை என்னும் எண்ணம்

அணுக்கரு வினைகளிலிருந்து பயன்படத்தக்க ஆற்றலைப் பெற முடியும் என்று எண்ணுவது வீண் கற்பனை என எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு ஆற்றிய உரை பற்றிய செய்தி, 1933 செப்டம்பர் 12 அன்று இலண்டன் நாளிதழில் வெளியானது. அதைப் படித்த சிலார்டுக்கு, ஒரு செயல் முடியாது என்று வல்லுநர் ஒருவர் உறுதியாகக் கூறியதே உறுத்தலாக இருந்தது. அதனைச் சிந்தித்தவாறு நடந்து சென்றபோது, இலண்டன் சவுதாம்டன் ரோ தெருவைக் கடக்கும் வேளையில் தொடர்வினை பற்றிய எண்ணம் தோன்றியதாக இவர் கூறியுள்ளார்.

நியூட்ரான் அதற்கு முந்தைய ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மின்னூட்டம் இல்லாததால் எளிதாக அணுக்கருவை அடையும். ஒரு நியூட்ரானை ஏற்று இரண்டு நியூட்ரான்களை வெளியிடும் தனிமம் ஏதேனும் இருந்தால், அவ்விரண்டும் நான்காகவும், நான்கு எட்டாகவும் பெருகும். இவ்வாறு சுமார் 80 முறை இரட்டிப்பானால் ஒரு கிலோகிராம் யுரேனியத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை எட்டிவிடலாம். பிளவு ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள காலம் மிக மிகச் சிறியதாகையால், இந்த முழு நிகழ்வும் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தினால் மின் நிலையம், கட்டுப்படுத்தாவிட்டால் வெடிகுண்டு.

இவ்விரண்டு வாய்ப்புகளையும் சிலார்டு தொடக்கத்திலேயே கண்டார். எச். ஜி. வெல்ஸ் 1914 இல் வெளியிட்ட புதினம் ஒன்றில் அணுகுண்டுகளால் நகரங்கள் அழிவதை 1932 இல் படித்திருந்தார். 1934 இல் தொடர்வினைக்குக் காப்புரிமை கோரினார். செருமனியின் கைக்கு இது எட்டிவிடக் கூடாது என்பதற்காக, அக்காப்புரிமையை 1936 இல் பிரித்தானியக் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்து இரகசியமாக வைக்கச் செய்தார். பொருள் ஈட்டுவதற்காக அன்றி, மறைத்து வைப்பதற்காகப் பெறப்பட்ட காப்புரிமை என்பது இதன் சிறப்பு.

ஆனால் எந்தத் தனிமத்தில் இவ்வினை நிகழும் என்பதை அவரால் கண்டறிய இயலவில்லை. 1938 சனவரியில் நியூயார்க் சென்ற அவர், அவ்வாண்டின் இறுதியில் நம்பிக்கை இழந்து, காப்புரிமையை இனி இரகசியமாக வைக்கத் தேவையில்லை எனக் கடற்படைத் துறைக்கு எழுதினார்.

அணுக்கருப் பிளவும் இரகசியக் காப்பும்

அதே டிசம்பர் மாதத்தில்தான் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்டிராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கிப் பேரியத்தைக் கண்டனர். இது அணுக்கருப் பிளவு என்று லீசா மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் விளக்கினர். 1939 சனவரியில் யூஜின் விக்னர் மூலம் இச்செய்தியை அறிந்த சிலார்டு, தாம் தேடிய தனிமம் யுரேனியமே என்பதை உணர்ந்து, காப்புரிமையை இரகசியமாகவே வைத்திருக்குமாறு மீண்டும் வேண்டிக்கொண்டார்.

நண்பர் ஒருவரிடம் 2,000 டாலர் கடன் பெற்று ஒரு கிராம் ரேடியத்தை வாடகைக்கு எடுத்தார். 1939 மார்ச் 3 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வால்டர் சின்னுடன் சேர்ந்து நடத்திய சோதனையில், யுரேனியம் பிளவுறும்போது புதிய நியூட்ரான்கள் வெளிவருவதைக் கண்டார். உலகம் துயரத்தை நோக்கிச் செல்கிறது என்பதில் தமக்கு அன்றிரவு ஐயம் இருக்கவில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

இத்தகைய முடிவுகளை இதழ்களில் வெளியிடாமல் அறிவியலாளர்கள் தாமாகவே நிறுத்தி வைக்க வேண்டும் என்று சிலார்டு கேட்டுக்கொண்டார். அறிவியலின் திறந்த மரபுக்கு இது மாறானது என்பதால் எதிர்ப்பு எழுந்தது. ஃபெர்மி தயக்கத்துடன் இசைந்தார். பாரிசில் இருந்த ஃபிரெடெரிக் ஜோலியோ-கியூரி உடன்படாமல் தம் முடிவுகளை 1939 ஏப்ரலில் வெளியிட்டார். எனினும் 1940 முதல் அமெரிக்காவில் இக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. போரான் மாசு நீக்கப்பட்ட கிராஃபைட் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க ஏற்றது என்னும் முடிவு இவ்வாறு வெளிவராமல் காக்கப்பட்டது. செருமனியில் வால்தர் போத்தேயின் அளவீடுகள் கிராஃபைட் பயன்படாது எனக் காட்டியதால், அந்நாட்டு ஆய்வாளர்கள் கிடைப்பதற்கு அரிதான கனநீரை நம்ப நேர்ந்தது.

ஐன்ஸ்டைன் கடிதம்

செருமனி அணுகுண்டை முதலில் செய்துவிடும் என்ற அச்சம் சிலார்டை அரசியல் தலைவர்களை நாடச் செய்தது. 1939 சூலையில் விக்னருடன் லாங் தீவில் கோடை விடுமுறையில் இருந்த ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். தொடர்வினை பற்றி ஐன்ஸ்டைன் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை; ஆனால் விளக்கியவுடன் அதன் பொருளைப் புரிந்துகொண்டார். பெரும்பகுதி சிலார்டால் எழுதப்பட்டு, ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட, ஆகஸ்ட் 2 எனத் தேதியிட்ட கடிதம், அக்டோபர் 11 அன்று அலெக்சாண்டர் சாக்ஸ் மூலம் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட்டிடம் சேர்ப்பிக்கப்பட்டது. இதன் விளைவாக யுரேனியம் குழு அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆய்வுக்கு 6,000 டாலர் மட்டுமே ஒதுக்கப்பட்டது. 1941 இல் பிரித்தானிய அறிவியலாளர்களின் மாட் குழு அறிக்கை கிடைத்த பின்னரே அமெரிக்காவின் பணி வேகம் பெற்றது.

சிகாகோ அணு உலை

ஃபெர்மியும் சிலார்டும் கிராஃபைட் கட்டைகளுக்கு இடையே யுரேனியத்தைச் சீரான இடைவெளியில் அடுக்கும் முறையை வகுத்தனர். இம்முறையில் சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில் சுமார் 45,000 கிராஃபைட் கட்டைகளைக் கொண்டு கட்டப்பட்ட உலையில், 1942 டிசம்பர் 2 அன்று மனிதர் உண்டாக்கிய முதல் தன்னிலைத் தொடர்வினை நிகழ்ந்தது. மற்றவர்கள் சென்ற பின் ஃபெர்மியின் கையைக் குலுக்கிய சிலார்டு, மனித வரலாற்றில் இது ஒரு கரிய நாளாகவே கருதப்படும் என்று கூறினார். அணு உலைக்கான காப்புரிமை இவ்விருவர் பெயரிலும் 1955 இல் வழங்கப்பட்டது.

மன்ஹாட்டன் திட்டத்தின் தலைவரான படைத்தளபதி லெஸ்லி குரோவ்சுக்கும் சிலார்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு குழுவும் தன் பணியை மட்டும் அறிந்திருக்க வேண்டும் என்பது குரோவ்சின் விதி. வேண்டாதவற்றைக் கேட்பதும் மேலிடத்துக்கு எழுதுவதும் சிலார்டின் இயல்பு. போர் முடியும்வரை இவரைச் சிறை வைக்க வேண்டும் என்னும் கடிதம் ஒன்றை குரோவ்ஸ் 1942 இல் தயாரித்தார். போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் அதற்கு இணங்கவில்லை. அதன் பிறகும் சிலார்டு உளவாளிகளால் பின்தொடரப்பட்டார். 1943 இல் இவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

குண்டு வீச்சைத் தடுக்கும் முயற்சிகள்

1945 இன் தொடக்கத்தில் செருமனியின் தோல்வி உறுதியாயிற்று. எந்த அச்சத்தால் இப்பணி தொடங்கப்பட்டதோ அந்த அச்சம் நீங்கிய பின்னும் பணி நிற்காமல் தொடர்வதைச் சிலார்டு கண்டார். குண்டைப் பயன்படுத்தினால் சோவியத் ஒன்றியத்துடன் ஆயுதப் போட்டி ஏற்படும் என்று விளக்கும் குறிப்பு ஒன்றை எழுதி, மீண்டும் ஐன்ஸ்டைனின் அறிமுகக் கடிதத்துடன் ரூசவெல்ட்டை அணுக முயன்றார். மே மாதத்தில் ரூசவெல்ட்டின் மனைவி எலினோரைச் சந்திக்க நாளும் குறிக்கப்பட்டது. ஆனால் ஏப்ரல் 12 அன்று ரூசவெல்ட் காலமானார்.

புதிய குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமனின் அலுவலகம் சிலார்டை ஜேம்ஸ் பர்ன்சிடம் அனுப்பியது. விரைவில் வெளியுறவுச் செயலராக இருந்த பர்ன்சை, ஹெரால்டு யூரே, வால்டர் பார்ட்கி ஆகியோருடன் தென் கரோலினாவில் மே 28 அன்று சந்தித்தார். 200 கோடி டாலர் செலவுக்கு நாடாளுமன்றம் பலனைக் கேட்கும் என்பதும், குண்டின் வலிமையைக் கண்டால் சோவியத் ஒன்றியம் பணியும் என்பதும் பர்ன்சின் கருத்து. சிலார்டு ஏமாற்றத்துடன் திரும்பினார்.

ஜேம்ஸ் ஃபிராங்கின் தலைமையில் சிகாகோவில் அமைந்த எழுவர் குழுவில் சிலார்டும் இடம்பெற்றார். மக்கள் வாழாத இடம் ஒன்றில், பல நாடுகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் குண்டின் ஆற்றலைக் காட்ட வேண்டும் என்று இக்குழுவின் சூன் 11 அறிக்கை பரிந்துரைத்தது. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, குண்டை முன்னெச்சரிக்கை இன்றி ஜப்பான் மீது பயன்படுத்தலாம் என அரசின் இடைக்காலக் குழு முடிவு செய்திருந்தது.

சிலார்டு விண்ணப்பம்

வேறு வழியின்றி சிலார்டு சூலை மாதத்தில் ஒரு விண்ணப்பத்தை வரைந்தார். சரணடைவதற்கான நிபந்தனைகளை விரிவாக அறிவித்து, ஜப்பானுக்கு வாய்ப்பளிக்காமல் அணுகுண்டைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்த முடியாது என்று அது கூறியது. இந்த ஆற்றலை அழிவுக்காக முதலில் பயன்படுத்தும் நாடு, எண்ணிப் பார்க்க இயலாத பேரழிவுக் காலத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட பொறுப்பை ஏற்க நேரிடும் என்றும் எச்சரித்தது. சூலை 17 நாளிட்ட இறுதி வடிவத்தில் சிலார்டையும் சேர்த்து 70 பேர் கையெழுத்திட்டனர். அதற்கு முந்தைய நாள்தான் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டிருந்தது.

அனைவரும் இதனை ஏற்கவில்லை. குண்டைப் பயன்படுத்தாவிட்டால் போர் நீண்டு மேலும் பல வீரர்கள் மடிவர் என்று சிலர் வாதிட்டனர். லாஸ் அலமோசில் விண்ணப்பத்தைச் சுற்றுக்கு விட ராபர்ட் ஓப்பன்ஹைமர் உடன்படவில்லை. குண்டின் பயன்பாட்டை முடிவு செய்வது அறிவியலாளர்களின் வேலை அன்று என்பது அவரது அன்றைய நிலைப்பாடு.

படைத்துறை வழியாகவே அனுப்ப வேண்டும் என்பதால், விண்ணப்பம் ஆர்தர் காம்ப்டன் மூலம் குரோவ்சிடம் சென்றது. ஆகஸ்ட் 1 அன்றே அது ஸ்டிம்சனின் அலுவலகத்தை அடைந்தது. ட்ரூமன் அப்போது போட்ஸ்டாம் மாநாட்டுக்காக செருமனியில் இருந்தார். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோசிமா மீதும், ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி மீதும் குண்டுகள் வீசப்பட்டன. அவ்வாண்டின் இறுதிக்குள் ஹிரோசிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. விண்ணப்பத்தை வெளியிடச் சிலார்டு எடுத்த முயற்சியைப் படைத்துறை தடுத்து, அதை இரகசிய ஆவணமாக வகைப்படுத்தியது.

போருக்குப் பின்

அணு ஆற்றல் ஆய்வைப் படைத்துறையின் பிடியில் வைக்கக்கூடிய மே-ஜான்சன் சட்ட முன்வரைவுக்கு எதிராகச் சிலார்டும் பிற அறிவியலாளர்களும் வாஷிங்டனில் பரப்புரை செய்தனர். இதன் பயனாக, குடிமக்கள் ஆணையம் ஒன்றின் கீழ் அணு ஆற்றலைக் கொண்டுவரும் சட்டம் 1946 ஆகஸ்டில் கையெழுத்தானது. விண்ணப்பத்தால் முடியாதது இம்முறை ஓரளவு முடிந்தது.

1947 முதல் சிலார்டு உயிரியலுக்கு மாறினார். ஆரன் நோவிக்குடன் சேர்ந்து, நுண்ணுயிரிகளைத் தொடர்ச்சியாக வளர்க்கும் கெமோஸ்டாட் என்னும் கருவியை உருவாக்கினார். மரபணுக் கட்டுப்பாடு பற்றிய தம் சிந்தனைக்குச் சிலார்டு உதவியதை ஜாக் மோனோ தமது நோபல் உரையில் குறிப்பிட்டார். 1951 இல் மருத்துவரான கெர்ட்ரூட் வைஸ் என்பவரைச் சிலார்டு மணந்தார்.

அமைதிப் பணிகள்

1947 டிசம்பரில் ஸ்டாலினுக்கு எழுதிய திறந்த மடலை அணு அறிவியலாளர்களின் இதழில் வெளியிட்டார். இரு நாட்டுத் தலைவர்களும் மற்ற நாட்டு மக்களிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்பது அதன் கருத்து. 1949 இல் வெளியான இவரது சிறுகதை ஒன்றில், போரில் தோற்ற அமெரிக்காவில் சிலார்டே போர்க் குற்றவாளியாக விசாரிக்கப்படுகிறார். 1950 இல் வானொலி உரையாடல் ஒன்றில், கோபால்ட் உறையிட்ட குண்டுகளால் மனித இனம் முழுவதையுமே அழிக்க முடியும் என்று விளக்கினார். அத்தகைய ஆயுதத்தைப் பரிந்துரைப்பதன்று, ஆயுதப் போட்டி எங்கே கொண்டுசெல்லும் என்று எச்சரிப்பதே அவர் நோக்கம்.

1955 இல் வெளியான ரசல்-ஐன்ஸ்டைன் அறிக்கையைத் தொடர்ந்து, 1957 சூலையில் கனடாவின் பக்வாஷ் என்னும் சிற்றூரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 அறிவியலாளர்கள் கூடினர். சிலார்டு அவர்களுள் ஒருவர். பனிப்போரின் இரு தரப்பு அறிவியலாளர்களும் அரசுகளின் சார்பின்றிப் பேசக்கூடிய களமாக பக்வாஷ் மாநாடுகள் அமைந்தன. இவ்வமைப்புக்கும் ஜோசப் ராட்பிளாட்டுக்கும் 1995 இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1960 அக்டோபர் 5 அன்று நியூயார்க்கில் சோவியத் தலைவர் நிக்கிட்டா குருசேவைச் சிலார்டு சந்தித்தார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருந்த காலம் அது. 15 நிமிடங்களுக்குத் திட்டமிடப்பட்ட சந்திப்பு இரண்டு மணி நேரம் நீண்டது. குருசேவுக்கு ஒரு சவரக் கருவியைப் பரிசளித்த சிலார்டு, போர் மூளாதவரை அதற்கான அலகுகளைத் தொடர்ந்து அனுப்புவதாகக் கூறினார். தவறான புரிதலால் போர் மூள்வதைத் தடுக்க, மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே நேரடித் தொடர்பு இணைப்பு வேண்டும் என்பது அங்கு பேசப்பட்டவற்றுள் ஒன்று. கியூபா ஏவுகணை நெருக்கடிக்குப் பின் 1963 இல் அத்தகைய இணைப்பு ஏற்படுத்தப்பட்டது.

1961 இல் இவரது டால்பின்களின் குரல் என்னும் சிறுகதைத் தொகுப்பு வெளியானது. தலைப்புக் கதையில், டால்பின்களின் அறிவுரை எனச் சொல்லி அறிவியலாளர்கள் அளிக்கும் யோசனைகள் உலகை ஆயுதக் குறைப்புக்கு இட்டுச் செல்கின்றன. 1962 இல் வாழத்தக்க உலகுக்கான மன்றத்தைத் தோற்றுவித்தார். மாணவர்களும் பிறரும் தம் வருமானத்தில் 2 விழுக்காட்டை, ஆயுதக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் செனட் வேட்பாளர்களுக்கு அளிக்க வேண்டும் என்பது அவரது திட்டம். அவ்வாண்டில் மன்றத்தின் ஆதரவு பெற்ற ஜார்ஜ் மெக்கவர்ன், தெற்கு டகோட்டாவில் 597 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். இம்மன்றம் இன்றும் இயங்கி வருகிறது.

இறுதிக் காலம்

தமது புற்றுநோய்க்கான கதிரியக்கச் சிகிச்சை முறையை வகுப்பதில் சிலார்டு தாமே பங்குகொண்டு குணமடைந்தார். 1964 இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். சில மாதங்களில், மே 30 அன்று, உறக்கத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 66. 1998 இல், பிறந்த நூற்றாண்டை ஒட்டி, அவரது சாம்பலின் ஒரு பகுதி புடாபெஸ்டில் அடக்கம் செய்யப்பட்டது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு குழிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பொதுநலனுக்காக இயற்பியலைப் பயன்படுத்துவோருக்கு அமெரிக்க இயற்பியல் கழகம் இவர் பெயரில் விருது வழங்குகிறது.

மதிப்பீடு

சிலார்டின் முயற்சிகளுள் பல உரிய காலத்தில் பலன் தரவில்லை. அரசுகளுக்கு இடையே தனிமனிதராகத் தூது செல்லும் அவரது வழிமுறை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அவர் காலத்திலேயே விமர்சிக்கப்பட்டது. அறிவை மறைத்து வைப்பதன் மூலம் ஆபத்தைத் தள்ளிப்போடலாமே தவிர நீக்க இயலாது என்பதை அவரது இரகசியக் காப்பு முயற்சிகளும், கண்டுபிடித்தவர்களின் கையிலிருந்து கண்டுபிடிப்பு எவ்வளவு விரைவில் விலகிவிடும் என்பதை 1945 இன் விண்ணப்பமும் காட்டுகின்றன. போர்க்காலத்தில் கேட்கப்படாத அவரது எச்சரிக்கையின்படியே ஆயுதப் போட்டி நிகழ்ந்தது. சோவியத் ஒன்றியம் 1949 இல் தன் முதல் குண்டைச் சோதித்தது. 1980களின் நடுப்பகுதியில் உலகில் சுமார் 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன.

வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்யும் 1963 ஆம் ஆண்டு உடன்படிக்கை மட்டுமே அவர் வாழ்நாளில் கையெழுத்தான பெரிய ஒப்பந்தம். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968 இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970 இல் நடைமுறைக்கு வந்தது. அணு ஆயுதங்களை முற்றாகத் தடை செய்யும் ஒப்பந்தம் 2017 இல் ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்கப்பட்டு, 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. எனினும் அணு ஆயுதம் கொண்ட நாடுகள் எதுவும் அதில் இணையவில்லை. 2025 இன் தொடக்கத்தில் உலகில் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் எஞ்சியிருந்தன.

இவற்றையும் பார்க்க

அணுக்கருத் தொடர்வினை
மன்ஹாட்டன் திட்டம்
ஹிரோசிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சு
பக்வாஷ் மாநாடுகள்
அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்